ஒரு நிகழ்ச்சி, வாரம் இரண்டு மணி நேரம்: மின்கற்றல் செய்திகளை எங்கிருந்து பெறுவது?

மின்கற்றல் துறையில் வேலை செய்பவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். அலுவலகம் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் அனுப்பும், வேலைக்கு நடுவே படிக்க என்று ஒதுக்க முடிவது வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதற்கு மேல் கிடைக்காது. அந்த ஒரு நிகழ்ச்சி எது, அந்த இரண்டு மணி நேரத்தில் எதைப் படிப்பது? பெரிய கண்காட்சி இருக்கிறது, ஆய்வு மாநாடு இருக்கிறது, ஒரே மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் பயனர் கூடல் இருக்கிறது, செய்திமடல்கள் இருக்கின்றன, அப்புறம் யாருமே விரும்பிப் படிக்காத ரிலீஸ் நோட்ஸ், அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பில் என்ன மாறியது என்று சொல்லும் குறிப்புகள்.

ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாடம் தயாரிப்பவர் அல்லது எல்எம்எஸ்ஸை (பாடங்களும் மாணவர் பதிவுகளும் இருக்கும் மென்பொருளை) பராமரிப்பவர் என்றால் அந்த ஒரு பயணத்தைப் பயனர் கூடலுக்கு வையுங்கள். வாரத்தின் இரண்டு மணி நேரத்தை ஒரே ஒரு நல்ல செய்திமடலுக்கும் ரிலீஸ் நோட்ஸுக்கும் பிரித்துக்கொடுங்கள். பெரிய கண்காட்சிக்குப் போவது, ஏதாவது வாங்கப்போகிற வருடத்தில் மட்டும் போதும்.

முதலில் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம், ஆசை அதிகம் காட்டுவது அதுதான். லண்டனில் நடக்கும் பெட் கண்காட்சி 1985-இல் தொடங்கியது, 2013 முதல் எக்செல் அரங்கத்தில் பொதுவாக ஜனவரி மாதம் நடக்கிறது. அமெரிக்காவில் ஐஎஸ்டிஇ மாநாடு கோடையில், நகரம் மாறி மாறி. நிறுவனப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு லாஸ் வேகாஸில் டெவ்லேர்ன், பள்ளி, பல்கலைக்கழகம், நிறுவனம் மூன்றும் கலந்த கூட்டம் வேண்டுமென்றால் 1995-இலிருந்து பெர்லினில் நடந்துவரும் ஓஇபி. இவற்றின் பலம் ஒன்றுதான், ஆனால் அது பெரிய பலம்: போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். மூன்று மாதம் மின்னஞ்சல் அனுப்பி, டெமோ நேரம் கேட்டுக் காத்திருந்து பார்க்க வேண்டியதை இரண்டு நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கையில் உங்கள் சொந்தச் சரக்கு இருக்க வேண்டும். ஒருமுறை நான் எங்கள் பாடத் தொகுப்பு ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன், கூடவே பெயரெல்லாம் மாற்றிய ஐந்நூறு பேர் பட்டியல் ஒன்று, சிஎஸ்வி கோப்பாக. ஒரு ஸ்டாலில் டெமோ அற்புதமாக ஓடிக்கொண்டிருந்தது, அவர்களே செய்து வைத்திருந்த பாடம், அவர்களே உருவாக்கிய பன்னிரண்டு மாணவர்கள். "இதை ஏற்றிக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். உள்ளே போய் வேறொருவரைக் கூட்டிவந்தார்கள், அவர் கோப்பைப் பார்த்துவிட்டு, இது டெமோ சர்வர், இதில் ஏற்ற அனுமதியில்லை என்றார். நான்கு ஸ்டால் தள்ளி ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தவர் கேட்டவுடனே ஏற்றினார். பாதிப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தன, எழுத்துக் குறியாக்கச் சிக்கல். அவர் அதை மறைக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து கோப்பை யூடிஎஃப்-8 ஆக மாற்றித் திரும்ப ஏற்றிக் காட்டினார். எந்த நிறுவனத்தைப் பட்டியலில் வைப்பது என்று அந்த இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வீட்டிலிருந்து பார்க்கும் எந்த வெபினாரும் இதைத் தராது.

ஆனால் வாங்கும் எண்ணம் இல்லாத வருடத்தில் போனால் என்ன மிஞ்சும்? அடையாள அட்டையை ஸ்கேன் செய்த ஒவ்வொரு ஸ்டாலிலிருந்தும் மாதக்கணக்கில் விற்பனை மின்னஞ்சல். அதைவிட முக்கியமானது, கண்காட்சியில் கிடைக்கும் செய்தி ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். புதிதாக வருவதைச் சொல்ல ஸ்டால் எடுப்பார்கள், நின்றுபோவதைச் சொல்ல யாரும் ஸ்டால் எடுப்பதில்லை. நம் வேலையைக் குலைப்பது பெரும்பாலும் நின்றுபோவதுதான்.

பாடங்களில் அசைபடமும் பயிற்சியும் செய்ய ஒரு காலத்தில் பயன்பட்ட ஃப்ளாஷ் விஷயத்தில் இதை நேரடியாக அனுபவித்தேன். 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் பிளேயரை நிறுத்தப்போவதாக அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. மூன்றரை வருட அவகாசம். அப்போது நான் இருந்த குழு ஒவ்வொரு வருடமும் கண்காட்சிக்கு ஆள் அனுப்பிய குழு, மெய்நிகர் உண்மை, கேமிஃபிகேஷன் என்று அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன, ஆனால் எங்கள் சர்வரில் எத்தனை பாடங்கள் ஃப்ளாஷில் இருக்கின்றன என்று யாரும் எண்ணவில்லை. கடைசி மூன்று மாதத்தில் எண்ணினோம். மூலக் கோப்புகள் பலவற்றைக் காணவில்லை, செய்தவர்கள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். 2021 ஜனவரி 12-இலிருந்து பிளேயரே ஃப்ளாஷ் கோப்புகளை ஓடவிடாமல் தடுத்தது. அதற்குள் முடித்தவை போக மீதிப் பாடங்களை அப்படியே விட்டுவிட்டோம், அதில் இரண்டு மிக நல்ல பாடங்கள், இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

அதனால்தான் ரிலீஸ் நோட்ஸை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மூடில் என்ற எல்எம்எஸ்ஸை எடுத்துக்கொண்டால், பெரிய வெளியீடு வருடத்துக்கு இரண்டு, பெரும்பாலும் ஏப்ரலிலும் அக்டோபரிலும். எந்தப் பதிப்புக்கு எதுவரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், அது எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். படிக்க அரை மணி நேரம் ஆகும். அதே மாதிரி தரநிலைகள். வெளிக் கருவிகளை எல்எம்எஸ்ஸுடன் இணைக்கும் எல்டிஐயின் 1.3 பதிப்பு 2019-இல் வந்தது, பழைய 1.1-ஐ விட்டு வெளியேறச் சொன்னதற்குக் காரணம் பாதுகாப்பு. அதை வெளியிட்ட ஐஎம்எஸ் குளோபல் 2022-இல் ஒன்எட்டெக் என்று பெயரை மாற்றிக்கொண்டது, பழைய பெயரில் தேடுகிறவர்களுக்குப் புதிய ஆவணங்கள் சட்டென்று கண்ணில் படாது.

இன்னொன்று, பாடம் தயாரிப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. அணுகல்தன்மைக்கான (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதற்கான) டபிள்யூசிஏஜி 2.2 விதிமுறை 2023 அக்டோபரில் வெளியானது. புதிதாக ஒன்பது விதிகள். அதில் ஒன்று, இழுத்துச் செய்யும் செயலை, இழுப்பதே இன்றியமையாத இடங்கள் தவிர, இழுக்காமலும் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது. அதாவது நாம் எல்லோரும் ஆசையாகச் செய்கிற அந்த டிராக் அண்ட் டிராப் பயிற்சி, சொல்லைப் பிடித்து இழுத்துப் பெட்டியில் போடுவது, கை நடுக்கம் உள்ளவருக்கு அது முடியாது, அவர் சொல்லை ஒரு முறை தொட்டு, பெட்டியை ஒரு முறை தொட்டு முடிக்கும்படி செய்து தர வேண்டும். இன்னொரு விதிப்படி, தொடும் பொத்தான்கள் சில விலக்குகள் போகக் குறைந்தது 24-க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் அளவு, இல்லையென்றால் சுற்றிலும் அதற்கு ஈடான இடைவெளி. எந்த ஸ்டாலிலும் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த நாள் என் வேலை முறையை மாற்றியது இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் அப்படித்தான். 2025 பிப்ரவரி 2 முதல் கல்வி நிறுவனங்களில் மாணவரின் உணர்ச்சியை முகத்தையோ குரலையோ வைத்துக் கணிக்கும் அமைப்புகளுக்கு, மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்கள் தவிர, தடை வந்துவிட்டது. "மாணவர் கவனிக்கிறாரா என்று கேமராவே சொல்லும்" என்று விற்கப்படும் ஒன்றை அங்கே வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு இந்த ஒரு வரி போதும்.

சரி, செய்திமடல்களுக்கு வருவோம். ஒரே மனிதர் தினமும் படித்து, தன் கருத்தோடு எழுதி அனுப்பும் மடலுக்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் டவுன்ஸ் 2001-இல் தொடங்கிய ஓஎல்டெய்லி அந்த வகை. ஒரு இணைப்பு, அதற்குக் கீழே ஒரு பத்தி, அதில் அவர் ஏன் ஒத்துப்போகிறார் அல்லது ஒத்துப்போகவில்லை என்பது. அவருடைய நிலைப்பாடு தெரிந்தே படிக்கிறோம், அதனால் எங்கே தள்ளுபடி செய்து படிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

இந்த வகை மடல் எவ்வளவு முன்னால் போகும் என்பதற்கு மூக் (எத்தனை பேரும் சேரக்கூடிய திறந்த இணையப் பாடம்) கதையைப் பாருங்கள். 2008-இல் டவுன்ஸும் ஜார்ஜ் சீமென்ஸும் மானிடோபா பல்கலைக்கழகம் வழியாக ஒரு திறந்த பாடத்தை நடத்தினார்கள், கட்டணம் கட்டியவர்கள் இருபத்தைந்து பேர் அளவில், இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். அந்த முயற்சிக்குத்தான் டேவ் கார்மியர் மூக் என்று பெயர் வைத்தார். 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். 2012-ஐ 'மூக்கின் ஆண்டு' என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. மேடைக்கு மேடை அதே பேச்சு, பல்கலைக்கழகங்களின் காலம் முடிந்தது என்கிற அளவுக்கு. 2013-இன் இறுதியிலேயே மூக் நிறுவனமான யுடாசிட்டி தன் கவனத்தை வேலைப் பயிற்சிப் பக்கம் திருப்பிவிட்டது. அந்தச் சின்ன மடலைப் படித்தவர்களுக்கு விஷயம் நான்கு வருடம் முன்னாலேயே தெரியும், அதோடு அது எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதும் தெரியும்: ஒருவரோடு ஒருவர் இணைந்து கற்பதற்காக, வீடியோ பார்த்துச் சான்றிதழ் வாங்குவதற்காக அல்ல. 2012-இல் முதல் தடவை கேள்விப்பட்டவர்களுக்கு அந்தப் பின்னணி கிடைக்கவில்லை.

ஒரு மனித மடலுக்கு உள்ள குறையும் வெளிப்படை, அவர் நிறுத்தினால் அது நின்றுவிடும். ஆட்ரி வாட்டர்ஸ் 2010-இலிருந்து எழுதிவந்த ஹேக் எஜுகேஷன், இந்தத் துறையின் தோல்விகளை அவ்வளவு பொறுமையாகக் கணக்கு வைத்த இடம், 2022-இல் முடிந்தது. அந்த இடத்தை வேறு எதுவும் முழுதாக நிரப்பவில்லை என்றே நினைக்கிறேன். பழைய பதிவுகளை இப்போதும் எடுத்துப் படிக்கலாம், படிக்க வேண்டும்.

நிறுவனங்கள் நடத்தும் செய்தித் தளங்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை, யார் நடத்துகிறார்கள் என்று தெரிந்து படியுங்கள் என்கிறேன். எட்சர்ஜ் 2011-இல் தொடங்கியது, 2019-இல் ஐஎஸ்டிஇ அதை வாங்கியது, அதாவது அந்த மாநாட்டை நடத்தும் வீடும் செய்தி வீடும் ஒன்று. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, செய்தியும் பல நேரம் நன்றாகவே இருந்திருக்கிறது, ஆனால் அந்த மாநாட்டைப் பற்றிய கறாரான விமர்சனத்தை நான் வேறு இடத்தில் தேடுவேன். அப்புறம் முதலீட்டுச் செய்திகள். எந்த ஸ்டார்ட்அப் எவ்வளவு திரட்டியது என்பது பாதி மடல்களை அடைத்துக்கொள்கிறது, பாடம் தயாரிப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனம் தள்ளாடுகிறது என்ற செய்தி மட்டும் வேறு. 2023 மே மாதம், சாட்ஜிபிடியால் புதிய சந்தாதாரர் வருகை பாதிக்கப்படுகிறது என்று மாணவர்களுக்கு வீட்டுப்பாட உதவி விற்கும் செக் நிறுவனம் சொன்ன மறுநாள் அதன் பங்கு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 80 கோடி டாலருக்கு மூக் தளமான எட்எக்ஸை வாங்கிய 2யு நிறுவனம், 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. உங்கள் பாடங்களோ மாணவர் பதிவுகளோ இப்படி ஒரு தளத்தில் இருந்தால், அன்றைக்கே செய்ய வேண்டியது எல்லாத் தரவையும் எக்ஸ்போர்ட் செய்து பார்ப்பது, பட்டனை அழுத்தி கோப்பு இறங்கினால் போதாது, அதை வேறு எல்எம்எஸ்ஸில் ஏற்றித் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆய்வு மாநாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கற்றல் பகுப்பாய்வுக்கான எல்ஏகே 2011-இல் கனடாவின் பான்ஃபில் தொடங்கியது, பெரும் எண்ணிக்கையில் கற்பித்தலை ஆராயும் லேர்னிங் அட் ஸ்கேல் 2014-இல் அட்லாண்டாவில். நீங்கள் ஆராய்ச்சி செய்பவர் என்றால் இதற்குத்தான் போக வேண்டும், வேறு பேச்சே இல்லை. மற்றவர்களுக்குக் கட்டுரைகள் போதும், அவை பின்னால் வெளியாகிவிடும். அதாபாஸ்கா பல்கலைக்கழகத்திலிருந்து 2000 முதல் வரும் ஐஆர்ஆர்ஓடிஎல் போன்ற இதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். ஒரு ஆய்வைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: எத்தனை மாணவர்கள், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வாரச் சோதனையில் புதுக் கருவி வென்றது என்றால், அதில் பாதி புதுமையின் கவர்ச்சியாகவே இருக்கலாம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், எது வேலை செய்யவில்லை என்று எழுதும் பழக்கம் இந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

சமூக ஊடகத்தில் வரும் துணுக்குகளை நான் செய்தியாக எண்ணுவதில்லை, ஒரு கேள்வியை வீசிப் பதில் வாங்க மட்டும் பயன்படுத்துகிறேன். வெபினார்கள் நேரலையில் பார்க்கத் தேவையில்லை, பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேள்வி பதில் பகுதிக்கு நேராகப் போய்விடலாம், சாறு அங்கேதான் இருக்கும்.

இனி பயனர் கூடல். மூடில்மூட் மாதிரி, ஒரே கருவியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் கூடும் இடம். மேடைப் பேச்சுக்காக நான் இதைச் சொல்லவில்லை, இடைவேளைக்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு பாடத்தில் விசித்திரமான தொல்லை இருந்தது. நீளமான பாடம், நடுநடுவே நிறையக் கேள்விகள். முக்கால்வாசி முடித்து மூடிவிட்டுப் போனவர்கள் மறுநாள் திறந்தால், விட்ட இடத்துக்குப் போகாமல் பாதியிலிருந்த ஏதோ ஒரு திரைக்குப் போனார்கள். எல்லோருக்கும் அல்ல, எல்லாக் கேள்விக்கும் விரிவாகப் பதில் எழுதியவர்களுக்கு மட்டும். பிரவுசரை மாற்றிப் பார்த்தோம், இணைய வேகத்தைக் குறை சொன்னோம், கருவியை விற்றவர்கள் சர்வரைப் பாருங்கள் என்றார்கள், சர்வர்க்காரர்கள் கருவியைப் பாருங்கள் என்றார்கள். இரண்டு மாதம் ஓடியது. ஒரு பயனர் கூடலின் இடைவேளையில் பக்கத்தில் நின்றவரிடம் இதைப் புலம்பினேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "நீங்க ஸ்கார்ம் 1.2-லதானே வெளியிடுறீங்க? உள்ள எத்தனை கேள்வி வெச்சிருக்கீங்க?" என்றார். அறுபது என்றேன். "4,096 எழுத்தைத் தாண்டியிருக்கும், பாருங்க" என்றார்.

ஸ்கார்ம் என்பது பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் தரநிலை. 2001-இல் வந்த அதன் 1.2 பதிப்பில், மாணவர் எங்கே நிறுத்தினார், என்ன பதில் கொடுத்தார் என்பதையெல்லாம் பாடம் ஒரு சின்னப் பெட்டியில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டியின் கொள்ளளவு 4,096 எழுத்துதான். ஒவ்வொரு பதிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நிரப்பும், வரம்பைத் தாண்டினால் புதிய பதிவு ஏறாது, கடைசியாக ஒழுங்காகப் பதிவான இடமே நிற்கும். ஸ்கார்ம் 2004-இன் நான்காம் பதிப்பில் இந்த வரம்பு 64,000. நாங்கள் பாடத்தை இரண்டு தொகுப்பாகப் பிரித்தோம், தொல்லை அதோடு போனது. அக்கறையாகப் படித்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது, அவர்களுக்கு நாங்கள் தனித்தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டோம்.

இந்த 4,096 எங்கும் ரகசியமாக இல்லை, தரநிலை ஆவணத்திலேயே இருக்கிறது. ஆனால் என்ன தேட வேண்டும் என்று தெரியாதவனுக்கு ஆவணத்தால் உதவ முடியாது. அதே தொல்லையில் தானும் மாட்டிய ஒருவர் வேண்டும், அவர் நிற்கும் இடம் பயனர் கூடல்தான். இதற்கும் குறை இருக்கிறது: ஒரே கருவியின் உலகத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்போம், வேறு கருவி அதை எளிதாகச் செய்கிறது என்பது கண்ணில் படாமலே போகலாம். அதற்குத்தான் செய்திமடல் கூடவே இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆசிரியராக இருந்து வகுப்பில் இதையெல்லாம் பயன்படுத்துகிறவர் என்றால் ரிலீஸ் நோட்ஸை நிர்வாகியிடம் விட்டுவிட்டு, மற்ற ஆசிரியர்கள் பேசும் அமர்வுகள் அதிகமுள்ள மாநாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், ஐஎஸ்டிஇ அதற்குப் பொருத்தமானது. தனியாளாக வேலை செய்பவருக்கு நான் பயணத்தையே பரிந்துரைக்க மாட்டேன், இணையவழிப் பயனர் கூடல் ஒன்றும் ஒரு செய்திமடலும் போதும், மிச்சமாகும் பணத்தில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி ஒருவரிடம் உட்காரலாம். கொள்முதல் பொறுப்பில் இருப்பவர் கண்காட்சிக்கே போக வேண்டும், பென் டிரைவோடு.

இந்த வருடம் நான் பயனர் கூடலுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன். கேட்பதற்கு மூன்று கேள்விகளைத் தாளில் எழுதியாகிவிட்டது: எல்டிஐ 1.3-க்கு மாறியபோது பழைய மதிப்பெண்களை எப்படிக் கொண்டுபோனார்கள், டிராக் அண்ட் டிராப் பயிற்சிகளுக்கு மாற்று வழியை எந்தக் கருவியில் செய்தார்கள், மாணவர் என்னென்ன செய்தார் என்று குறித்து வைக்கும் எக்ஸ்ஏபிஐ பதிவுகளைச் சேர்த்து வைத்த பிறகு அவற்றை உண்மையில் யாராவது திறந்து பார்க்கிறார்களா.